மாவட்டச் சராசரிக்குக் கீழே: மாத்தளையின் நலத்தை அளப்பது எப்படி?

மாத்தளை மாவட்டத்தின் மக்கள் நலத்தை ஒரே ஓர் எண்ணில் சொல்லிவிடும் அறிக்கைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். வடக்கே தம்புள்ளையும் கலேவெலவும் குளத்து நீரையும் மரக்கறிச் செய்கையையும் நம்பியிருக்கும் வரண்ட நிலம். கிழக்கே வில்கமுவ, மகாவலியோர வயல்வெளி. தெற்கே உக்குவளை, இரத்தோட்டை, அம்பன்கங்கை கோரளை ஆகிய பிரிவுகளில் தேயிலை, இறப்பர், மிளகு, கொக்கோ, அவற்றின் நடுவே தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசைகள். நக்கிள்ஸ் மலைக்காட்டை ஒட்டி லக்கலக் கிராமங்கள். இப்படி 11 பிரதேச செயலகப் பிரிவுகள். 2012 தொகைமதிப்பின்படி இவற்றில் வாழ்ந்தவர்கள் 484,531 பேர். வில்கமுவ விவசாயியின் நோயும் எல்கடுவத் தோட்டத்துக் குழந்தையின் நோயும் ஒன்றல்ல. இரண்டையும் கூட்டி வகுத்துக் கிடைக்கும் சராசரி இருவரில் எவரையும் காட்டாது.

தரவு இல்லை என்ற குறை இலங்கைக்குப் பொருந்தாது. 1867 முதல் பிறப்பு இறப்புப் பதிவு நடக்கிறது. 1871 முதல் தொகைமதிப்பு நடக்கிறது. வாரந்தோறும் தொற்றுநோய் அறிக்கை வெளியாகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. அடிமட்டத்தில் வீடு வீடாகப் பதியப்படுவது மேலே போகப் போகச் சுருங்கி, மாவட்டத்துக்கு ஒரு வரியாகத்தான் நம் கைக்கு வந்து சேர்கிறது. இந்த மாவட்டத்தைப் பற்றி என்னென்ன தரவுகள் உள்ளன, எந்தெந்த முறைகளில் ஆய்வு நடந்திருக்கிறது, அவை எங்கே பலிக்கின்றன, எங்கே தவறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தொகைமதிப்பிலிருந்து தொடங்கலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை என்று தொடங்கிய வரிசை பலமுறை அறுந்திருக்கிறது. 1931இல் பொருளாதார மந்தம் காரணமாகச் சுருக்கமான எண்ணிக்கைதான் நடந்தது. 1981க்குப் பிறகு 20 ஆண்டு இடைவெளி. 2001இல் போரினால் வடக்கு கிழக்கில் முழுமையாக நடக்கவில்லை. அடுத்தது 2012, அதன்பின் 2024. அதன்படி நாட்டின் சனத்தொகை 2 கோடி 17 இலட்சத்துக்குச் சற்று மேல்.

மாத்தளையின் தமிழரைப் பற்றி ஆராய்பவர் இங்கே ஓர் இடறலைக் கவனிக்க வேண்டும். 2012இல் இம்மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் நூற்றுக்கு ஐந்து, இந்தியத் தமிழர் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் பதிவாகியிருக்கிறார்கள். நாடளாவிய கணக்கில் இந்தியத் தமிழர் 1971இல் 9.3 வீதம், 1981இல் 5.5 வீதம், 2012இல் 4.1 வீதம். இந்த வீழ்ச்சியின் ஒரு பகுதி 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களால் வந்தது. இன்னொரு பகுதி, அதே குடும்பத்தினர் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதால் வந்தது. அப்படியிருக்க, இன வகுப்பை வைத்துக்கொண்டு மலையக மக்களின் சிசு மரணம் 40 ஆண்டுகளில் எப்படி மாறியது என்று கோடு வரைந்தால், அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் ஒரே கூட்டத்தினர் அல்ல.

இதைத் தவிர்க்கப் பலர் “தோட்டத் துறை” என்ற வகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் ஒரு வரையறை உண்டு: 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்பு, 10 பேரும் அதற்கு மேலும் குடியிருக்கும் தொழிலாளர். ஆகவே தோட்டத்தை விட்டு மாத்தளை நகரக் கடைகளுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வாடகைக்குக் குடியிருப்பவர் நகரத் துறைக்குள் போய்விடுவார். துண்டாடப்பட்ட சிறு தோட்டத்தின் பழைய லயனில் இருப்பவர் கிராமத் துறையில் எண்ணப்படுவார். இன வகுப்பு, குடியிருக்கும் துறை, பெற்றோர் பிறந்த இடம், வேலை செய்யும் இடம் ஆகிய நான்கையும் ஒரே படிவத்தில் கேட்டால் மட்டுமே யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாகும். மாவட்டத்தில் ஆய்வு செய்யும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

அடுத்து மாதிரி ஆய்வுகள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வு 1987இல் தொடங்கி, கடைசியாக 2016இல் நடந்தது. அதன்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17 வீதம், தோட்டத் துறையில் 32 வீதம். இந்த இடைவெளி ஐயமற்றது. ஆனால் மாத்தளைத் தோட்டங்களில் நிலைமை என்ன என்று கேட்டால் அந்த ஆய்வால் பதில் சொல்ல இயலாது. காரணம் எளிய கணக்கு. நாடு முழுவதும் ஏறத்தாழ 27,000 வீடுகள். 25 மாவட்டங்களுக்கும் சமமாகப் பிரித்தால் மாத்தளைக்கு ஆயிரத்துச் சொச்சம். தோட்டத் துறையின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்பதால் 50 வீடுகளைத் தாண்டாது. அவற்றில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகள் இன்னும் குறைவு; 20 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 32 வீதம் குட்டையானவர்கள் என்று அளந்தாலும், உண்மை நிலை 12 வீதத்திலிருந்து 52 வீதம் வரை எங்கும் இருக்கலாம். இவ்வளவு அகன்ற விடையை வைத்துக்கொண்டு எந்தத் தோட்டத்துக்குச் சத்துணவு அனுப்புவது என்று முடிவெடுக்க முடியாது.

இந்த இக்கட்டுக்குச் சிறுபரப்பு மதிப்பீடு என்றொரு வழி உண்டு. மாதிரி ஆய்வில் கிடைத்த தொடர்புகளை (கூரை என்ன, கல்வி எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து) தொகைமதிப்பின் ஒவ்வொரு வீட்டுக்கும் பொருத்திக் கணிப்பது. இம்முறையில் இலங்கைக்கு வறுமை வரைபடங்கள் தயாராகியிருக்கின்றன. பயனுள்ள முறைதான். ஆனால் பெரும்பாலும் கிராம வீடுகளிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு சூத்திரம் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவைச் சரியாகக் கணிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

போசாக்கைப் பொறுத்தமட்டில் கணிப்பே தேவையில்லை என்பது என் கருத்து. குடும்ப சுகாதார மருத்துவ மாது தன் பகுதியில் உள்ள குழந்தைகளைக் காலம் தவறாமல் நிறுக்கிறார். பிள்ளைக் காம்பராவிலோ தோட்ட மருந்தகத்திலோ தராசு தொங்குகிறது. தாய் கொண்டுவரும் குழந்தை சுகாதார விருத்திப் பதிவேட்டில் வளர்ச்சிக் கோடு வரையப்படுகிறது. அதே எண் மாதுவின் பதிவேட்டுக்குப் போய், காலாண்டு அறிக்கையாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், அங்கிருந்து குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும் போகிறது. இது மாதிரி ஆய்வல்ல, முழு எண்ணிக்கை. தராசு பழுதாக இருக்கலாம். பெரட்டுக்கு (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) போன தாய் அன்று குழந்தையைக் கொண்டுவராமல் இருக்கலாம். வராத குழந்தைதான் பெரும்பாலும் மெலிந்த குழந்தை. இவை எல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். தமிழ் பேசும் மருத்துவ மாது இல்லாத பகுதியில் தாய் சொல்வதும் மாது எழுதுவதும் வேறு வேறாகிவிடுவது மட்டும் இலேசில் திருத்தக்கூடியதல்ல. அதற்கு ஆட்சேர்ப்பு வேண்டும்.

வறுமையை அளக்கும் விடயத்தில் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைக்கால உதாரணமே போதும். 2016 வீட்டு வருமான செலவின ஆய்வில் நாட்டின் வறுமை 4.1 வீதம், தோட்டத் துறையில் 8.8 வீதம். 2019இல் வறுமைக்கோட்டுக்கான அடிப்படை ஆண்டைப் புதுப்பித்து அளந்தார்கள். நாட்டின் வறுமை 14.3 வீதம் ஆயிற்று. தோட்டத் துறையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வறியவர் என்று வந்தது. கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பல்பரிமாண அளவுகோலில் தோட்டத் துறையில் பாதிக்கும் மேற்பட்டோர் வறியவர். மூன்று ஆண்டில் தோட்டம் தலைகீழாக மாறிவிடவில்லை, அளவுகோல்தான் மாறியது. பழைய கோட்டின்படி வறுமை ஒழிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே எத்தனை உதவித்திட்டங்கள் இந்த மக்களைத் தாண்டிப் போயிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு ஆற்றாமை வருகிறது.

தொற்றுநோய்ப் பதிவின் பாதை வேறு. நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், ஐயம் எழுந்தவுடனேயே எச்-544 படிவத்தை நிரப்ப வேண்டும். அது நோயாளியின் வீடு அமைந்த பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எச்-411 எழுதுவார். வார முடிவில் எல்லாம் சேர்ந்து எச்-399 ஆகி, கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவின் வார அறிக்கையில் மாத்தளை என்ற வரியில் ஓர் இலக்கமாக அச்சாகும். டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவற்றில் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. தோல் லீஷ்மேனியா நோயில் சற்றுத் தடுமாறுகிறது. மணல் ஈயால் பரவும் இந்நோய் இம்மாவட்டத்திலும் காணப்படுகிறது. இந்தியாவில் காலா அசார் எனும் உள்ளுறுப்பு நோயைத் தரும் அதே இன ஒட்டுண்ணி இங்கே பெரும்பாலும் தோலில் புண்ணாக நின்றுவிடுகிறது. 2008இல்தான் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. வலியில்லாத புண் என்பதால் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. ஆகவே ஒரு பிரிவில் எண்ணிக்கை திடீரென ஏறினால், நோய் பரவியதா, தோல் மருத்துவ கிளினிக் திறந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். பதிவான எண்ணிக்கையில் நோயும் இருக்கிறது, மருத்துவரை அடையும் வாய்ப்பும் இருக்கிறது.

மாவட்டத்தின் ஆய்வுக் கேள்விகளிலேயே கடினமானது வில்கமுவவில் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் மதவாச்சி, பதவியா பக்கம் அடையாளம் காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பாதித்த பிரிவுகளில் அதுவும் ஒன்று. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கிறது. நோய் முற்றும்வரை அறிகுறி தெரிவதில்லை.

2009 முதல் 2012 வரை சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் கூட்டாக நடத்திய ஆய்வு பெண்களில் ஏறத்தாழ 17 வீதத்தினருக்கும் ஆண்களில் ஏறத்தாழ 13 வீதத்தினருக்கும் இந்நோய் இருப்பதாகக் கண்டது. ஆனால் வைத்தியசாலைகளுக்கு வரும் முற்றிய நோயாளிகளில் ஆண்களே அதிகம். இரண்டும் எப்படிப் பொருந்தும்? வரையறையைப் பார்த்தால் புரியும். அந்த ஆய்வு சிறுநீரில் தொடர்ந்து புரதம் வெளியேறுவதை அடையாளமாகக் கொண்டு, நீரிழிவு, சிறுநீரகக் கல், பாம்புக்கடி முதலிய வரலாறு உள்ளவர்களை விலக்கிவிட்டு மிஞ்சியவர்களை எண்ணியது. பின்னர் வந்த பன்னாட்டு நெறிமுறை, உழைக்கும் வயதினரின் இரத்தத்தில் கிரியாட்டினினை அளந்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்தவர்களை எண்ணுகிறது. நிக்கராகுவா, எல் சல்வடோர் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடம் இதேபோன்ற நோய் இருப்பதால் நாடுகளுக்கிடையே ஒப்பிட வசதியாக அந்த முறை எழுந்தது. இரு முறைகளும் வேறு வேறு ஆட்களைப் பிடிக்கின்றன. ஓர் ஊரை ஒரு முறையிலும் அடுத்த ஊரை மற்ற முறையிலும் அளந்துவிட்டு எது மோசம் என்று பேசுவது வீண்.

காரணம் தேடுவதில் சிக்கல் இன்னும் ஆழம். கல்சியம் மிகுந்த கடின நீர், புளோரைட்டு, கட்மியம், ஆசனிக், களைகொல்லி, வெயிலில் நீரிழப்பு, பரம்பரை என்று கருதுகோள்கள் வரிசையாக நிற்கின்றன. கிளைபோசேற்று களைகொல்லி 2015இல் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. தடை போட்டபோதும் தளர்த்தியபோதும் தீர்க்கமான சான்று எவர் கையிலும் இருக்கவில்லை. ஏனென்றால் பெரும்பாலான ஆய்வுகள் ஒரே வேளையில் நோயையும் கிணற்று நீரையும் அளப்பவை. சிறுநீரகம் பழுதாக 10, 20 ஆண்டுகள் ஆகின்றன. இன்று கிணற்றில் இருப்பதை அளந்து 1990களில் என்ன குடித்தார் என்று சொல்ல முடியாது. அதற்குள் ஊர் ஊராகச் சவ்வூடு வடிகட்டி நிலையங்கள் வந்துவிட்டன. மக்கள் குடிநீரை மாற்றிவிட்டார்கள். நோய்வந்த பிறகு சிறுநீரில் காணும் உலோகம் நோய்க்குக் காரணமா, கெட்ட சிறுநீரகத்தின் விளைவா என்பதும் தெரியாது.

இங்கேதான் மருத்துவத்துக்குச் சமூகவியல் தேவைப்படுகிறது. ஒரு நோயாளி எந்த ஆண்டு அங்கே குடியேறினார், எந்தக் கிணற்றில் எத்தனை ஆண்டு குடித்தார், எந்தப் போகத்தில் எந்த மருந்தை எப்படித் தெளித்தார், உச்சி வெயிலில் எத்தனை மணிநேரம் நின்றார் என்ற வாழ்க்கை வரலாற்றை, திருமணம், பிள்ளை பிறப்பு, வெள்ளம், வரட்சி ஆகிய நினைவு நிகழ்ச்சிகளோடு கோத்துக் கேட்கும் முறை உண்டு. அதோடு, இன்று நோயில்லாத இளைஞர் கூட்டம் ஒன்றை வில்கமுவவின் ஹெட்டிப்பொல சுற்றுவட்டாரத்தில் தெரிந்தெடுத்து 15 ஆண்டு பின்தொடர வேண்டும். மூன்று ஆண்டு ஆராய்ச்சி மானியத்தில் இது நடக்காது. இன்னொரு குறுக்குவெட்டு ஆய்வுக்குப் பணம் கொடுப்பதைவிட இப்படி ஒரே ஒரு நீண்ட ஆய்வுக்குக் கொடுப்பது மேல்.

நோய் அல்லாத ஒரு கேள்வியிலும் மாத்தளை உலகின் கவனத்துக்கு வந்தது. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிரிவாயுத் தொகுதி அமைக்க நிலத்தைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். 1940களின் அம்மை நோயில் அல்லது மண்சரிவில் இறந்தவர்களாக இருக்கலாம் என்று முதலில் பேச்சு எழுந்தது. அகழ்வில் ஈடுபட்ட தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலம் என்று மதிப்பிட்டார். அது மக்கள் விடுதலை முன்னணிக் கிளர்ச்சியும் அதன் ஒடுக்குமுறையும் நிகழ்ந்த காலம். பின்னர் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் கதிரியக்கக் கரிமச் சோதனையைக் காட்டி, 1950க்கு முந்தியவை என்று சொல்லப்பட்டது.

இந்த வழக்கு முறையியல் வகுப்பில் பாடமாக வைக்கத் தக்கது. 1950களின் நடுவிலிருந்து அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கரிமம்-14ஐப் பெருக்கின. 1963 வாக்கில் அது ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. எனவே அதற்குப் பின் வளர்ந்த உடலில் அதன் தடயம் இருந்தே ஆக வேண்டும். ஆனால் எந்த எலும்பு, எந்தப் பல், எந்த மண் அடுக்கு, மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பவை முழுமையாக வெளிப்படுத்தப்படாதவரை எண் மட்டும் எவரையும் நம்பவைக்காது. இன்னொரு சான்றும் இருக்கிறது, அதற்குப் பெரும் செலவில்லை. கொள்ளைநோயில் 150 பேர் ஒரே ஊரில் இறந்திருந்தால் இறப்புப் பதிவேட்டிலும் சுகாதாரத் திணைக்கள ஆண்டறிக்கையிலும் ஒரு மேடு தெரிய வேண்டும். 1867 முதல் பதிவு வைத்திருக்கும் நாட்டில், அம்மை என்று சொல்பவர் அந்த ஏட்டைத் திறந்து காட்டக் கடமைப்பட்டவர். காணாமற்போன பிள்ளைகளுக்காக இன்னும் காத்திருக்கும் தாய்மார் மாத்தளையில் இருக்கிறார்கள்.

பதிவேடு இல்லாத காலத்து மரணங்களும் இந்த மண்ணுக்கு உண்டு. தலைமன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்த கோப்பிக்காலத் தொழிலாளர் வழியில் மடிந்தார்கள். 1840களில் 70,000 பேர் இறந்ததாக அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று சொன்ன கணக்கு இன்றும் வழங்குகிறது. துறைமுகத்தில் வந்தோர் தொகையிலிருந்து திரும்பிப் போனோர் தொகையையும் இருப்போர் தொகையையும் கழித்து மிஞ்சியதை மரணமாகக் கொள்வது இத்தகைய கணக்கின் வழி. பதியாமல் திரும்பியவர், வேறிடம் போனவர் எல்லோரும் அந்த மிச்சத்துக்குள் விழுந்துவிடுவார்கள் என்பதால் வரலாற்றாளர்கள் அதை மறுத்தும் குறைத்தும் பேசுகிறார்கள். 2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூரும் மலையகம் 200 நடைபயணம் அதே பாதையில் வந்து ஓகஸ்ட் மாதம் மாத்தளையில் முடிந்தது. அந்த மரணங்களைப் போற்ற 70,000 என்ற எண் தேவையில்லை. சரியான எண்ணைத் தேடுவதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான்.

மாவட்டத் தரவு நன்றாக உழைத்த இடங்களும் இருக்கின்றன. 1946இல் டி.டி.டி. தெளிப்பு பரவியபின் இலங்கையின் மரண வீதம் ஆயிரத்துக்கு 20 என்ற அளவிலிருந்து அடுத்த ஆண்டே 14 ஆகக் குறைந்தது. மலேரியா ஒழிப்பின் பங்கு எவ்வளவு என்று, மாவட்டம் மாவட்டமாகப் பிள்ளைகளின் மண்ணீரல் வீக்க வீதத்தை மரண வீதத்தோடு ஒப்பிட்டு அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பீற்றர் நியூமன் 42 வீதம் என்றார். அதே தரவை மறுபடி ஆராய்ந்த கிரே 1974இல் 23 வீதம் என்றார். எஞ்சியது உணவு, வைத்தியசாலை, கல்வி ஆகியவற்றின் பங்கு. தற்கொலை ஆய்வும் அப்படியே. 1995இல் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்த வீதம், கொடிய பூச்சிகொல்லிகளை அடுத்தடுத்துத் தடைசெய்தபின் பாதிக்கும் கீழே இறங்கியதை, பொலிஸ் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் தடை ஆண்டுகளோடு பொருத்திக் காட்டினார்கள். உலகில் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் இந்த முடிவு, சாதாரண எழுதுவினைஞர்கள் நாள்தோறும் எழுதிய ஏடுகளிலிருந்து பிறந்தது.

வீட்டு வாசலில் கேள்வி கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு பெண்ணிடம் “அக்கா, போன மாதம் எத்தனை நாள் வேலை செய்தீங்க?” என்று கேட்டால் 22 என்பார். ஆனால் கொழுந்து நிறை காணாத நாட்கள் அரைப்பேராகத்தான் (அரைநாள் கணக்காக) செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் விழுந்திருக்கும். அட்வான்ஸ், சந்தா, கடைக்கடன் எல்லாம் கழிந்து கையில் வந்தது வேறு. கணவரோ கங்காணியோ அருகில் நின்றால் விடை மேலும் மாறும். அப்பெண்ணின் சம்பளச் சீட்டைப் பார்க்க அனுமதி கேட்பதும், மலை வேலை முடிந்த பின்னேரத்தில் தனியாகப் பேசுவதும், ஆங்கிலப் படிவத்தை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி மொழிபெயர்க்காமல் முன்கூட்டியே தோட்டத்துப் பேச்சில் எழுதிச் சோதித்து வைப்பதும் ஆய்வின் தரத்தைத் தீர்மானிக்கும். சம்மதக் கையொப்பம் வாங்குமுன், மறுத்தாலும் வேலைக்கோ வீட்டுக்கோ பங்கமில்லை என்று சொல்லி அதை அவர் நம்பும்வரை காத்திருக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தொழிலாளியின் சம்மதம் ஆகாது.

2024 தொகைமதிப்பு நம் முன் இருக்கிறது. மொரகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக மக்கள் பெயர்க்கப்பட்ட லக்கலப் பகுதியில் 2012 எண்ணை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பின்தொடர்ந்தாக வேண்டும். மற்றப் பிரிவுகளில் கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்து அட்டவணையையும் மருத்துவ மாதுவின் போசாக்குப் பதிவையும் எச்-544 பதிவையும் பெயர் நீக்கி ஒன்றோடொன்று பொருத்தினால், மாவட்டத்தில் எந்த லயனுக்கு, எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். இதற்குப் புதிய கருத்துக்கணிப்பு எதுவும் தேவையில்லை.

ஆசிரியர்களே, பட்டதாரி மாணவர்களே, தோட்டச் சங்கங்களில் இருப்பவர்களே: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தனிநபர் விபரம் கலவாத இந்தத் தொகை எண்களைக் கேட்கும் உரிமையை இலங்கைக் குடிமக்கள் எல்லோருக்கும் தந்திருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்துக்கு ஒன்று, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒன்று என்று இந்த மாதமே எழுதுங்கள்.